நீல தர்ப்பணமும் லாங் ஐயரும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் ஜேம்ஸ் லாங் சரணி என்னும் பெயருடைய நெடுஞ்சாலை ஒன்று உளது. அயர்லாந்துத் தீவிற் பிறந்து, சுவிசேஷ ஊழியத்தின் பொருட்டு வங்க நாடடைந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டு மக்களுடன் கலந்து வாழ்ந்த ஒரு பாதிரியாரின் பெயரே அச்சாலைக்கு வழங்குகின்றது. அப்பாதிரியார் ஒரு திங்கள் சிறையிருந்தவர். அவரைச் சிறையிட்டது அரசாங்கத்தாரின் நீதிமன்றமே. எனினும் அவர்மீது வழக்கெழச் செய்தது அரசாங்கமன்று. தம் தொழிலைக் குறித்து எவரெவர் யாது எழுதுகின்றனர் என்று உறங்காது நோக்கியிருந்த தனியார் சங்கமொன்றே அதனைச் செய்தது. அரசு வாய்ப்பூட்டிட்ட வரலாறுகள் பலவற்றை நம் மாணவர் படித்திருப்பர். அரசின் கையைத் தம் கையாகக் கொண்டு தனியார் வாய்ப்பூட்டிட்ட வரலாறு அத்துணைப் பழக்கமானதன்று. ஆதலின் லாங் ஐயரின் வாழ்வை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கத் துணிந்தனம்.

ஜேம்ஸ் லாங் 1814-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் தென்பால் கார்க் மாவட்டத்திலுள்ள பேண்டன் என்னும் ஊரிற் பிறந்தார். சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியராய் 1840-ஆம் ஆண்டில் கல்கத்தா வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் நடத்துவதும் உபதேசம் செய்வதும் அவருக்கு இடப்பட்ட பணி. பின்னர் நகர்க்கு வெளியே தாக்கூர்ப்புக்கூர் என்னும் சிற்றூரிலும் அவர் ஊழியம் புரிந்தார். அயர்லாந்துக் குடியானவர் நிலக்கிழாரிடம் படும் பாட்டை இளமையிலே அறிந்தவருக்கு, வங்கக் குடியானவரின் முகத்தைப் படிக்க ஆசிரியர் தேவைப்பட்டிரார் என்பது எம் எண்ணம்.

மற்றைப் பாதிரிமார் பலர் வடமொழி நூல்களிலே இந்தியரின் மனத்தைத் தேடிக்கொண்டிருக்க, இவர் சந்தையிலே தேடினார். வங்கப் பழமொழிகளைத் தொகுத்தார். கல்கத்தாவின் மலிவு அச்சுக்கூடங்களினின்று வெளிவரும் பஞ்சாங்கம், கதை, பாட்டு, துண்டுப் பிரசுரம் என அனைத்தையும் வாங்கிப் பார்த்தார். கற்றறிந்தார் குப்பையென்று ஒதுக்கிய அவற்றை ஒழுங்குபடுத்தி, ஆயிரத்து நானூறு வங்க நூல்களுக்கு ஓர் அட்டவணை வகுத்து 1855-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1857-இல் அச்சான வங்க நூல்களைப் பற்றி அரசாங்கத்தார்க்கென 1859-இல் ஓர் அறிக்கையும் எழுதித் தந்தார்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். எவன் என்ன எழுதுகின்றான் என்று பட்டியலிட்டு அரசாங்கத்தார் கையிற் கொடுப்பவர் தாமும் ஓர் ஒற்றர் அன்றோ? இவ்வினாவைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பிற்காலத்தே ஆங்கில அரசாங்கம் இத்தகைய பட்டியல்களைக் கொண்டே நாட்டுப் பத்திரிகைகளை அடக்கியது. ஆயினும் லாங் ஐயரின் நோக்கம் வேறு. மக்கள் தம் மொழியில் வெளிப்படையாக எழுதிவைத்திருந்ததை ஆள்வோர் படித்திருந்தால், 1857-ஆம் ஆண்டுப் பெருங்கலகம் அவர்களைத் திடுக்குறச் செய்திராது என்பது அவர் கொள்கை. அவர் கேட்டது எழுதியவனைப் பிடிப்பதற்கன்று. எழுதியதை ஆள்வோர் செவியில் ஏற்றுதற்கே. செவிகொடுத்தலும் ஒட்டுக்கேட்டலும் ஒரே செவியால் நிகழ்பவைதாம். பின்வரும் நிகழ்ச்சிகள் அவ்விரண்டிற்கும் உள்ள தூரத்தைக் காட்டும்.

அவுரிச் செடியை நம் நாட்டிலும் அறிவர். தென்னார்க்காட்டுப் பகுதியில் அது பயிரிடப்பட்டது. தலைமயிர் கறுப்பதற்கென நம் வீட்டு மூதாட்டியர் அதன் இலையை அரைப்பதும் உண்டு. கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், தென்னையும் மாவும் நெல்லும் விளையும் எம் கெங்குவார்பட்டியில் நின்று நோக்குவார்க்கு, ஒரு செடி மாந்தரை அடிமைப்படுத்திற்று என்பது நம்புதற்கரிதாய்த் தோன்றும். வங்கத்தில் அது நிகழ்ந்தது. நதியா, ஜெசோர் முதலிய மாவட்டங்களில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் குடியானவனுக்குச் சிறிது முன்பணம் கொடுத்து, அவன் நிலத்தின் ஒரு பகுதியில் அவுரி விதைக்கும்படி முறி எழுதி வாங்குவர். நெல் விளையும் நல்ல நிலத்தையே துரையின் ஆட்கள் குறித்துச் செல்வர். விளைந்த கட்டுகளை அளப்பவனும் துரையின் ஆள், கணக்கெழுதுபவனும் அவனே. ஆதலின் கடன் ஒருநாளும் தீராது. தந்தையின் கடன் மகன் தலையில் ஏறும். விதைக்க மறுத்தவன் தொழிற்சாலைக் கிடங்கில் அடைபட்டதும் உண்டு. 1859-ஆம் ஆண்டில் குடியானவர் பலர் ஒருங்கே அவுரி விதைக்க மறுத்து எழுந்தனர். 1860-இல் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. லாங் ஐயர் அதன்முன் சாட்சி கூறினார். அவ்வாண்டிலேயே வங்கத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் பீட்டர் கிராண்ட் துரை ஆற்றுவழியே படகிற் சென்றபோது, அறுபது எழுபது மைல் தூரத்திற்கு இருகரையிலும் ஆடவரும் பெண்டிரும் நின்று நீதி வேண்டினர் என்று அவரே எழுதிவைத்துள்ளார்.

அதே 1860-ஆம் ஆண்டில் டாக்கா நகரத்து அச்சுக்கூடம் ஒன்றினின்று நீல தர்ப்பணம் என்னும் நாடகம் வெளிவந்தது. நீலத் தொழிலைக் காட்டும் கண்ணாடி என்பது அப்பெயரின் பொருள். ஆசிரியர் பெயர் நூலில் இல்லை. அதனை இயற்றியவர் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்த தீனபந்து மித்திரர். ஊர் ஊராய்ச் சுற்றும் உத்தியோகத்தில் அவர் கண்டவை நாடகமாயின. நாடகத்தினும் அதன் முன்னுரையே துரைமாரைச் சுட்டது. இரு நாளிதழ்களின் ஆசிரியர்கள் ஆயிரம் ரூபாய்க்காகத் துரைமார் புகழைப் பாடுகின்றனர் என்று குறித்து, முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்காரியோத்தை அதற்கு உவமையாக்கியிருந்தார் ஆசிரியர். இந்து சமயத்தவராகிய அவர் நம் வேதப்புத்தகத்தினின்று அம்பெடுத்துக் கிறிஸ்தவர்மேல் எய்தமை சிந்திக்கற்பாலது. பாதிரிமார் வேதத்தைப் பரப்பியதன் பயன்களில் இதுவும் ஒன்று போலும்!

நாடகம் லாங் ஐயர் கையிற் கிடைத்தது. அவர் அதனை வங்க அரசாங்கச் செயலாளர் சீட்டன்-கார் துரைக்கு எடுத்துச் சொல்ல, அவர் கிராண்ட் துரைக்கு அறிவித்தார். ஆங்கிலத்திற் பார்க்க வேண்டும் என்று விருப்பம் தெரிவிக்கப்பட்டது. வங்காளி ஒருவர் மொழிபெயர்த்தார். லாங் ஐயர் அதனைத் திருத்தி, மிகக் கொச்சையான பகுதிகளை நீக்கி, தாமே ஒரு முகவுரையும் எழுதிச் சேர்த்து அச்சுக்குக் கொடுத்தார். 500 படிகள் அச்சாயின. அவற்றுள் 202 படிகளைச் சீட்டன்-கார் அரசாங்கத் தபால் முத்திரையோடு இங்கிலாந்திலும் இந்தியாவிலும் இருந்த பெரியோர்க்கு அனுப்பிவிட்டார். கிராண்ட் துரைக்கு இவ்வளவு பரவலாக அனுப்பப்படுவது தெரியாது. இச்செயல் தவறு என்றே யாம் கருதுகின்றோம். ஒரு தனிமனிதர் வெளியிட்ட நூலுக்கு அரசாங்க முத்திரை இட்டமையால், எதிரிகட்கு ஒரு பிடி கிடைத்தது.

எதிரிகள் யாவர்? தோட்டத் துரைமாரும் கல்கத்தா வணிகரும் கூடி நிலவுடைமையர் வணிகர் சங்கம் ஒன்று வைத்திருந்தனர். தம் நலங்களை எடுத்துரைக்க எவரும் சங்கம் கூட்டலாம், அதில் குற்றமில்லை. ஆனால் இச்சங்கத்தார் தம் நியாயத்தை உரைப்பதோடு நில்லாது, தமக்கு மாறாகப் பேசும் மாஜிஸ்திரேட்டுகள் யாவர், எழுதும் பத்திரிகையாசிரியர் யாவர் எனக் கண்காணித்து, அவர்களை இருந்த இடத்தினின்று அகற்றவும் வழக்கில் இழுக்கவும் முனைந்தனர். மொழிபெயர்ப்பின் படியொன்று அவர்கள் கண்ணிற் பட்டதும், சங்கத்தின் காரியதரிசி அரசாங்கத்தார்க்குக் கடிதம் எழுதினார். இந்நூல் யார் அனுமதியால் வெளிவந்தது? அரசாங்க முத்திரையோடு அனுப்பியவர் யார்? இவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். வந்த விடை அவர்கட்கு நிறைவளிக்கவில்லை. உடனே நீதிமன்றத்தை நாடினர்.

இம்முறை அவர்கள் கண்டுபிடித்ததன்று. 1792-ஆம் ஆண்டின் இறுதியில், தாமஸ் பெயின் எழுதிய மனித உரிமை நூலைக் கண்டு அஞ்சிய காலத்தில், ஜான் ரீவ்ஸ் என்பவர் லண்டனில் ஒரு சங்கம் கூட்டினார். அரச விரோதமாகப் பேசுவோர், எழுதுவோர், நூல் விற்போர் ஆகியோரைப் பற்றிய செய்திகளை நாட்டார் கடிதமூலம் தெரிவிக்கும்படி அது வேண்டிற்று. கையொப்பமில்லாக் கடிதங்களும் வந்து குவிந்தன. கிளைச் சங்கங்கள் நாடெங்கும் பரவின. பெயினுக்காக வழக்காடிய தாமஸ் எர்ஸ்கின் என்னும் வக்கீல், 1793-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அச்சுரிமை நண்பர் என்னும் கூட்டத்தாரோடு நின்று, குற்றத்தைத் தேடித் தண்டித்தல் சட்டத்தின் அதிகாரிகட்கு உரிய வேலையென்றும், தனியார் கூட்டம் அதனை ஏற்றுக்கொண்டால் வழக்கின்முன் நிற்பவனுக்கு நடுநிலையான ஜூரிமார் எங்ஙனம் கிடைப்பர் என்றும் எடுத்துக்காட்டினார். கல்கத்தாவில் அந்த எர்ஸ்கினைப் போன்றார் ஒருவர் கூட்டம் கூட்டித் தடுக்கவில்லை.

முதலிற் பிடிபட்டவர் அச்சிட்டவர். நூலின்மேல் மானுவேல் என்னும் அச்சுக்கூடத்தார் பெயரே இருந்தது. அவர்மேல் வழக்கெழுந்தது. ஓர் எளிய அச்சுத் தொழிலாளி எத்துணை நாள் தாங்குவார்? லாங் ஐயர் தாமே முன்வந்து, நூலை வெளியிட்டவன் யானே என்று தம் பெயரைச் சொல்லிவிடுமாறு அவருக்கு அனுமதி தந்தார். மானுவேல் பத்து ரூபாய் அபராதத்தோடு விடுபட்டார். சங்கத்தார் விரும்பியது அந்தப் பத்து ரூபாயை அன்று, பெயரை. இனி அவர்கட்கு வேண்டியவை இன்னும் இரு பெயர்கள்: மொழிபெயர்த்தவன் பெயரும், இயற்றியவன் பெயரும். அவ்விரண்டையும் லாங் ஐயர் தம் வாயால் வெளியிட மறுத்துவிட்டார்.

இம்மறுப்பின் அருமையை உணர்தற்கு வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பர் நம்மவர். கெங்குவார்பட்டியில் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து பத்திரிகை படிப்போர் தேர்தல் முதல் தண்ணீர் வரையில் எதனையும் அஞ்சாது அலசுவர்; முதலமைச்சரும் பிரதமரும் அங்கே தப்புவதில்லை. ஆயினும் எவரேனும் கைப்பேசியைச் சற்றே உயர்த்திப் பிடித்தால் குரல்கள் தாழக் காண்கின்றோம். அவர்கள் அஞ்சுவது காவல் துறையை அன்று. ஒரு கட்சியோ, ஒரு சங்கமோ, சாதிக் கூட்டமோ அப்பேச்சைத் துண்டாக வெட்டிப் பரப்பி, பேசியவன் பெயரையும் தொழிலையும் வீட்டையும் வெளியிட்டுவிடும் என்பதனையே அஞ்சுகின்றனர். உத்தியோகத்தில் இருந்த தீனபந்து மித்திரர் தம் பெயரை மறைத்ததும் இதே அச்சத்தாலன்றோ? உலைமூடி இல்லாத வாய்க்கும் பெயர் உண்டு. பெயரைப் பிடித்தால் வாய் தானே மூடும் என்பதைத் தோட்டத் துரைமார் நன்கறிந்திருந்தனர்.

1861-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில் மார்டான்ட் வெல்ஸ் என்னும் நீதிபதியின்முன் விசாரணை தொடங்கிற்று. சாற்றிய குற்றம் இரண்டு. முன்னுரையில் வரும் யூதாஸ் உவமையால் இங்கிலீஷ்மன் நாளிதழின் ஆசிரியர் இழிவுபடுத்தப்பட்டார் என்பது ஒன்று. நாடகம் முழுவதும் நீலத் தோட்டத் துரைமாராகிய வகுப்பினரையே இழிவுபடுத்துகின்றது என்பது மற்றொன்று. இன்னாரென்று சுட்டாது ஒரு தொழிலார் அனைவரையும் குறித்து எழுதியதை அவதூறு எனல் எங்ஙனம் பொருந்தும் என்று எதிர்வாதம் நிகழ்ந்தது. நீதிபதி அதனை ஏற்கவில்லை. வங்காளியர்மேல் அவருக்கிருந்த வெறுப்பு முன்னரே ஊரறிந்தது. ஜூரிமார்க்கு அவர் கூறிய அறிவுரை வழக்கைத் தொடுத்தவர் வாதத்தினும் கடுமையாய் இருந்தது. மறுநாளே லாங் ஐயர் குற்றவாளி எனத் தீர்மானமாயிற்று.

தண்டனைக்கு முன் அவர் நீதிமன்றத்தில் ஓர் அறிக்கை நிகழ்த்தினார். எவரையும் இழிவுபடுத்தும் எண்ணம் தமக்கில்லை என்றும், குடியானவர் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை ஐரோப்பியர்க்குக் காட்டுவதே நோக்கம் என்றும், அதனை அறியாமையால் 1857-இல் விளைந்த கேட்டினைக் கண்டவர் தாம் என்றும் அமைதியாக எடுத்துரைத்தார். ஜூலை 24-ஆம் நாள் ஆயிரம் ரூபாய் அபராதமும் ஒரு திங்கள் சிறையும் விதிக்கப்பட்டன. வங்காளியர் பலர் பணப்பையோடு வந்திருந்தனர் என்பர். இருபது வயதைச் சிறிதே கடந்த காளிபிரசன்ன சிங்கர் என்னும் செல்வர் நீதிமன்றத்திலேயே ஆயிரம் ரூபாயையும் செலுத்தினார். மகாபாரதம் முழுவதையும் வங்க உரைநடையில் பெயர்ப்பித்த பெருமையும் அவர்க்கே உரியது. கிறிஸ்தவப் பாதிரியாரின் அபராதத்தை இந்து இளைஞர் ஒருவர் கட்டினார். நம் வயதினர் செய்த செயலென்பதால் மாணவர்க்கென இதனைத் தனியே குறிக்கின்றோம். எனினும் பணத்தால் மீட்க முடியாத ஒரு திங்களை லாங் ஐயர் சிறையிற் கழித்தார்.

சங்கத்தாரின் பகைக்கு இலக்கானவர் இவர் ஒருவரே அல்லர். குடியானவர் பொருட்டு இந்து பேட்ரியட் இதழில் ஓயாது எழுதிய ஹரிஷ் சந்திர முகர்ஜி அவ்வாண்டு ஜூனிலேயே இறந்தார். அவர்மேல் தோட்டத் துரை ஒருவர் தொடுத்திருந்த வழக்கு அவர் இறந்த பின்னும் விடாது, கைம்பெண்ணாகிய அவர் மனைவியைப் பற்றியது. ஹரிஷ் மடிந்ததையும் லாங் சிறைப்பட்டதையும் சேர்த்து நாட்டுப்புறத்தார் பாட்டுக் கட்டிப் பாடினர். சீட்டன்-கார் கண்டிக்கப்பட்டுச் செயலாளர் பதவியைத் துறந்தார். பிற்காலத்தில் அவரே ஹைக்கோர்ட்டு நீதிபதியும் ஆனார். வெல்ஸ் நீதிபதியை அழைத்துக்கொள்ள வேண்டுமென்று கல்கத்தாப் பெருமக்கள் ராஜா ராதாகாந்த தேவர் இல்லத்திற் கூடி விண்ணப்பம் எழுதினர்.

துரைமார் பக்கத்து நியாயம் யாதுமில்லையோ எனின், சிறிது உண்டு. எல்லாத் தோட்டத்தாரும் நாடகத்திற் காட்டிய கொடியரைப் போன்றவர் அல்லர். பணம் பெற்றதாகக் குறிக்கப்பட்ட பத்திரிகையாசிரியர் தம் மானத்தைக் காக்க வழக்கிடுதலைத் தவறென்று கூற இயலாது. முதற் குற்றச்சாட்டு மட்டும் எழுந்திருப்பின் இவ்வரலாறு இவ்வளவு பேசப்பட்டிராது. இரண்டாவதே நஞ்சு. ஒரு தொழிலார் கூட்டம் தன்னைப் பற்றிய குறைகூறல் அனைத்தையும் தன் மானநஷ்டமாகக் கொள்ளலாம் என்றால், குடியானவன் எதனைச் சொல்லி முறையிடுவான்?

இவ்வினா லாங் ஐயரோடு மாண்டுவிடவில்லை. 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு, கூட்டத்தாரைக் குறித்த பழியும் அவதூறாகலாம் என்று விளக்கம் தந்தது. 2005-ஆம் ஆண்டில் ஒரு நடிகையார் பத்திரிகையில் வெளியிட்ட கருத்துக்காக, பெரும்பாலும் நம் தமிழ்நாட்டு நீதிமன்றங்களிலேயே, இருபத்து மூன்று குற்ற வழக்குகளைத் தனியார் தொடுத்தனர். ஒவ்வோர் ஊருக்கும் அலைவதே தண்டனையாய் அமைந்தது. 2010-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அவை அனைத்தையும் தள்ளி, வழக்கிட்டவர் அக்கருத்தால் நேரே பாதிக்கப்பட்டவர் ஆகார் என்று தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசையே கட்டுப்படுத்துவது. தனியார் கூட்டத்தினின்று பேசுவோனைக் காப்பது, வழக்கின் தொடக்கத்திலேயே வழக்கிட்டவனை நோக்கி உனக்கு நேர்ந்த தீங்கு யாது என்று கேட்கும் நீதிபதியே ஆவர். வெல்ஸ் அதனைக் கேட்டிலர்.

சிறையினின்று மீண்ட லாங் ஐயர் தம் ஊழியத்தை விடவில்லை. 1863-இல் ருஷ்ய நாடு சென்று, அடிமைக் குடிகள் விடுதலை பெற்ற அந்நாட்டு உழவர் நிலையை நோக்கினார். மீண்டும் வங்கம் வந்து பழமொழிகளையும் நூல்களையும் தொகுத்தார். 1872-இல் உடல்நலம் கருதி ஊழியத்தினின்று ஓய்வு பெற்று லண்டன் சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் கல்கத்தாவின் நேஷனல் தியேட்டர் கட்டணம் பெற்றுப் பொதுமக்கட்கு முதன்முதல் நடித்துக் காட்டிய நாடகம் நீல தர்ப்பணமே. நாடகங்களின் வலிமையைக் கண்ட அரசாங்கம் 1876-இல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் இயற்றியது. அது தனிக் கதை. 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தபின் அவுரித் தோட்டங்கள் விரைவில் நலிந்தன. சங்கத்தார் காத்த தொழிலும் போயிற்று.

லாங் ஐயர் அதனைக் காண இருந்திலர். 1887-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் லண்டனில் காலமானார். நீல தர்ப்பணத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தரே என்று வங்காளியர் நெடுங்காலம் கூறிவந்தனர். அல்லர் என்று மறுப்போரும் உளர். ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். தீர்த்துவைக்கக் கூடியவர் லாங் ஐயர் ஒருவரே. வழக்கு முடிந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தும் அவர் அப்பெயரைச் சொல்லவில்லை.